தட்டும்போதே மாற்றுவதா, தட்டி முடித்தபின் மாற்றுவதா?

இணையப் படிவம் கட்டுபவர்களிடம் இந்தக் கோரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். பயனர் பெயரில் பெரிய எழுத்து வரக் கூடாது, தட்டும்போதே சின்ன எழுத்தாகிவிட வேண்டும். அட்டை எண் நான்கு நான்காகப் பிரிந்து தெரிய வேண்டும். தொகைக்குக் காற்புள்ளி தானாக விழ வேண்டும். கேட்கும்போது எல்லாம் ஒரே வேலை போலத் தோன்றும். பெட்டியில் இருப்பதை எடு, மாற்று, திரும்ப வை. பத்து வரி ஜாவாஸ்கிரிப்ட் போதும்.

பத்து வரி என்பது உண்மைதான். அந்தப் பத்து வரியை எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல். விசை அழுத்தப்படும்போதா, எழுத்து பெட்டிக்குள் விழுவதற்குச் சற்று முன்பா, விழுந்த பின்பா, ஆள் பெட்டியை விட்டு நகரும்போதா, அல்லது சர்வரிலா? ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் உடையும். சோதித்துப் பார்க்கும் நம் கணினியில் உடையாது, யாரோ ஒருவருடைய போனில் உடையும். அதனால் வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் ஒன்றைத் தீர்த்துக்கொள்வது நல்லது: மாறிய எழுத்து யாருக்கு வேண்டும்? சர்வருக்கு மட்டும் வேண்டுமென்றால் தட்டுபவரைத் தொந்தரவு செய்யவே காரணமில்லை. கண்ணுக்கு மட்டும் வேண்டுமென்றால், பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் போதும். தட்டுபவருக்கே, அந்த நொடியிலேயே உதவும் என்றால் மட்டுமே மற்ற வழிகளுக்குப் போக வேண்டும். என் அனுபவத்தில் அந்த மூன்றாவது வகை, கோரிக்கை வைப்பவர்கள் நினைப்பதைவிட மிகக் குறைவு.

பெட்டியைத் தொடாமல்

சலுகைக் குறியீடு பெரிய எழுத்தில் தெரிய வேண்டும், அவ்வளவுதான் என்று வைத்துக்கொள்வோம். சிஎஸ்எஸ்ஸில் டெக்ஸ்ட்-டிரான்ஸ்ஃபார்ம் என்ற ஒரே வரி இதைச் செய்துவிடும். கர்சர் நகராது, அண்டூ (தட்டியதைத் திரும்பப் பெறும் வசதி) கெடாது, போனில் எந்தச் சிக்கலும் வராது. ஆனால் இது தோற்றம் மட்டுமே. திரையில் பெரிய எழுத்து தெரிந்தாலும் பெட்டியின் மதிப்பு தட்டியபடியே இருக்கும், சர்வருக்கும் அப்படியேதான் போகும். இதை மறந்துவிட்டு, “திரையில் சரியாகத்தானே தெரிகிறது, ஏன் குறியீடு ஏற்கவில்லை” என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வோர் நிறைய. சர்வரிலும் ஒரு வரி எழுதி, வந்ததைப் பெரிய எழுத்தாக்கிய பிறகு ஒப்பிட்டால் விஷயம் முடிந்தது. இந்த இணையை நான் முதல் தேர்வாக வைப்பேன்.

எச்டிஎம்எல்லிலேயே சில சின்ன உதவிகள் உண்டு. ஆட்டோகேப்பிட்டலைஸ் என்ற பண்பு, போனின் திரைக் கீபோர்டைப் பெரிய எழுத்துக்கு மாற்றிவைக்கும். மேசைக் கணினிக் கீபோர்டில் அது எதுவும் செய்யாது. மின்னஞ்சல், கடவுச்சொல், யுஆர்எல் வகைப் பெட்டிகளிலும் அதற்கு வேலை இல்லை. இன்புட்மோட் என்ற பண்பு எண் கீபோர்டைக் கொண்டுவரும், ஆனால் எழுத்தைப் பேஸ்ட் செய்தால் தடுக்காது. இவையெல்லாம் வழிகாட்டுபவை, காவல்காரர்கள் அல்ல. அப்படி நினைத்துப் பயன்படுத்தினால் நன்றாகவே உழைக்கும்.

சர்வர் பற்றி ஒரு வரி. மேலே எந்த வழியை எடுத்தாலும் சர்வரில் சுத்தம் செய்யும் வேலை போகாது. பிரவுசரில் நடப்பது எதையும் சர்வர் நம்பக் கூடாது. ஸ்கிரிப்டே ஓடாமல் கோரிக்கை வரலாம். ஆக, “தட்டும்போதே மாற்றுவது” எப்போதும் இரண்டாவது அடுக்குதான்.

தட்டி முடித்த பிறகு

அடுத்த வழி, ஆள் பெட்டியை விட்டு வெளியே போகும்போது ஒரே தடவையில் சீர்செய்வது. முன்பின் இடைவெளியை வெட்டுவது, தொகைக்குக் காற்புள்ளி போடுவது, பயனர் பெயரைச் சின்ன எழுத்தாக்குவது எல்லாம் இங்கே நிம்மதியாக நடக்கும். கர்சர் அந்தப் பெட்டியில் இல்லை என்பதால் அது எங்கே போகும் என்ற கவலை இல்லை. எழுத்தைப் பாதியில் பார்த்துத் தவறாக ஊகிக்கும் ஆபத்தும் இல்லை.

இதில் தேர்வு பிளர், சேஞ்ச் என்ற இரண்டு ஈவென்டுகளுக்கு (நடந்ததைப் பிரவுசர் ஸ்கிரிப்டுக்குச் சொல்லும் அறிவிப்புகள்) இடையில். நான் சேஞ்சைத்தான் சொல்வேன். பிளர் என்பது கவனம் பெட்டியை விட்டு நகரும்போது வருவது. ஆனால் பலர் பெட்டிக்குள் இருந்தபடியே என்டர் தட்டிப் படிவத்தை அனுப்பிவிடுவார்கள். பிளரை மட்டும் நம்பினால் அவர்கள் நழுவிவிடுவார்கள். சேஞ்ச், மதிப்பு உண்மையாகவே மாறியிருந்தால் அந்த என்டருக்கும் வரும், நகரும்போதும் வரும்.

குறை என்ன? ஆளுக்குத் தாமதமாகத் தெரியும். அட்டை எண் போன்ற நீண்ட எண்ணைத் தட்டும்போது இடைவெளி விழுந்தால்தான் எங்கே இருக்கிறோம் என்று கண் பின்தொடர முடியும். எல்லாம் முடிந்தபின் பிரித்துக் காட்டிப் பயனில்லை. இந்த ஒரு வகைக்குத்தான் நிஜமாகவே நேரடி மாற்றம் தேவைப்படுகிறது.

கீடவுன்: இதை விட்டுவிடுங்கள்

தேடிப் பார்த்தால் முதலில் கிடைக்கும் பழைய பதில்கள் பெரும்பாலும் கீடவுன் அல்லது கீபிரஸ் வழியைச் சொல்லும். விசை அழுத்தப்பட்டதும் பிடி, பிரிவென்ட்டிஃபால்ட் போட்டு நிறுத்து, வேண்டிய எழுத்தை நீயே செருகு. மேசைக் கணினியில் அழகாக வேலை செய்யும். பிரச்சினை என்னவென்றால், எழுத்து பெட்டிக்குள் வரும் வழிகளில் விசையும் ஒன்று, அவ்வளவே. மவுஸால் பேஸ்ட் செய்யலாம், இழுத்துப் போடலாம், குரலில் சொல்லலாம், பிரவுசர் தானே நிரப்பலாம், எழுத்துப்பிழைத் திருத்தி மாற்றலாம். இவற்றுக்கு எந்த விசையும் அழுத்தப்படுவதில்லை.

ஆண்ட்ராய்டு போனில் இன்னும் மோசம். திரைக் கீபோர்டில் எதைத் தட்டினாலும் கீடவுன் ஈவென்டில் விசை எண் பெரும்பாலும் 229 என்றே வரும். “ஏதோ தட்டப்பட்டது, கீபோர்டு அதைக் கவனித்துக்கொண்டிருக்கிறது” என்பதுதான் அதன் பொருள். எந்த எழுத்து என்று அதில் தெரியாது. கீபிரஸ்ஸோ வழக்கொழிந்ததாக அறிவிக்கப்பட்ட ஈவென்ட். குறுக்குவிசைகளுக்குக் கீடவுன் சரி. எழுத்தை மாற்ற அதைப் பயன்படுத்த இப்போது எந்தக் காரணமும் இல்லை.

இன்புட்: விழுந்த பின் திருத்துவது

நேரடி மாற்றம் வேண்டும் என்று முடிவானால் அடிப்படை வழி இன்புட் ஈவென்ட்தான். எழுத்து எந்த வழியில் வந்தாலும், வந்து விழுந்த பிறகு இது வரும். பெட்டியின் முழு மதிப்பையும் பார்த்து, இருக்க வேண்டிய வடிவத்தைக் கணக்கிட்டு, வித்தியாசம் இருந்தால் எழுதலாம். பேஸ்ட்டுக்குத் தனிக் கதை, குரலுக்குத் தனிக் கதை என்று பிரிக்க வேண்டாம்.

செலவு முழுக்கக் கர்சரில் இருக்கிறது. ஸ்கிரிப்ட் ஒரு பெட்டியின் மதிப்பை வேறொன்றாக மாற்றினால், கர்சர் கடைசிக்குப் போக வேண்டும் என்பது எச்டிஎம்எல் விதி. கடைசியில் தட்டிக்கொண்டிருப்பவருக்கு இது தெரியவே தெரியாது. நடுவில் திருத்துபவர்தான் மாட்டிக்கொள்வார். பெட்டியில் 1234 5678 9012 இருக்கிறது. இரண்டாவது இலக்கத்துக்குப் பின் ஒரு 7 விடுபட்டுப்போனதாகக் கண்டுபிடித்து, கர்சரை அங்கே வைத்து 7 தட்டுகிறார். நம் ஸ்கிரிப்ட் 1273 4567 8901 2 என்று சரியாகப் பிரித்துவிட்டது. கர்சரோ கடைசிக்குப் பறந்துவிட்டது. அடுத்து அவர் தட்டும் இலக்கம் தப்பான இடத்தில் விழும், அது அவர் கண்ணிலும் படாமல் போகலாம். தவறான அட்டை எண்ணுக்கு யாரைக் குறை சொல்வது?

இதற்குத் தீர்வு உண்டு, கடினமும் இல்லை. மாற்றுவதற்கு முன் கர்சருக்கு இடப்பக்கம் எத்தனை இலக்கங்கள் இருக்கின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள், இடைவெளிகளைச் சேர்க்காமல். மேலே சொன்ன உதாரணத்தில் மூன்று. மாற்றிய பின் இடமிருந்து மூன்று இலக்கங்களைத் தாண்டிய இடத்தில் கர்சரை வையுங்கள். செலக்‌ஷன்ஸ்டார்ட் மூலம் படிப்பது, செட்செலக்‌ஷன்ரேஞ்ச் மூலம் வைப்பது. எழுத்தின் இட எண்ணை அப்படியே நினைவில் வைத்துத் திரும்ப வைப்பது போதாது, ஏனென்றால் இடைவெளிகள் கூடிக் குறைகின்றன. அப்புறம், புதிய மதிப்பும் பழைய மதிப்பும் ஒன்றாக இருந்தால் எழுதவே எழுதாதீர்கள். தேவையில்லாமல் தொடாமல் இருப்பதே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

நீக்கும் விசைகள் தனி வேடிக்கை. நான்காவது இலக்கம் வந்த உடனேயே இடைவெளியைப் போட்டுவிடும் ஸ்கிரிப்டை யோசியுங்கள். ஆள் பேக்ஸ்பேஸ் தட்டுகிறார், இடைவெளி அழிகிறது. ஸ்கிரிப்ட் ஓடுகிறது, நான்கு இலக்கம் இருப்பதைப் பார்த்து இடைவெளியைத் திரும்பப் போடுகிறது. மறுபடி பேக்ஸ்பேஸ், மறுபடி இடைவெளி. எவ்வளவு தட்டினாலும் நான்காவது இலக்கம் அழியாது. ஐந்தாவது இலக்கம் வந்த பிறகே இடைவெளியைப் போடுவது என்று விதியை மாற்றினால் இது போய்விடும். டிலீட் விசை இன்னும் நுட்பமானது. கர்சர் 1234-க்கும் இடைவெளிக்கும் நடுவில் நிற்கிறது. டிலீட் தட்டினால் முன்னால் இருக்கும் இடைவெளி போகிறது, ஸ்கிரிப்ட் அதைத் திரும்ப வைக்கிறது, கர்சரும் அங்கேயே நிற்கிறது. தட்டிக்கொண்டே இருக்கலாம், எதுவும் நடக்காது. இன்புட் ஈவென்டில் இன்புட்டைப் என்ற விவரம் வருகிறது. அது முன்னோக்கிய நீக்கம் என்று சொல்லி, இலக்கங்களும் மாறாமல் இருந்தால், அடுத்த இலக்கத்தை நாமே நீக்க வேண்டும். சொந்தமாக எழுதப்பட்ட பல அட்டை எண் பெட்டிகளில் இந்த ஒன்றைச் சோதித்துப் பாருங்கள், பாதிக்கு மேல் சிக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

அடுத்த செலவு அண்டூ. ஸ்கிரிப்ட் நேரடியாக மதிப்பை எழுதினால் பிரவுசரின் அண்டூ வரிசை அதை அறியாது. பிறகு கன்ட்ரோல் இசட் தட்டினால் என்ன வரும் என்று சொல்ல முடியாது, பிரவுசருக்குப் பிரவுசர் வேறுபடும். இதைத் தவிர்க்க ஒரே நடைமுறை வழி, எக்ஸிக்கமாண்ட் என்ற பிரவுசர் கட்டளை மூலம் இன்செர்ட்டெக்ஸ்ட் செய்வது. ஆள் தட்டியது போலவே அது பதிவாகும், அண்டூவும் பிழைக்கும். ஃபயர்ஃபாக்ஸிலும் 89-ஆம் பதிப்பிலிருந்து சாதாரணப் பெட்டிகளில் இது வேலை செய்கிறது. விசித்திரம் என்னவென்றால், எக்ஸிக்கமாண்டும் வழக்கொழிந்ததாக அறிவிக்கப்பட்டதுதான், ஆனால் அண்டூவைக் காப்பாற்ற அதற்கு மாற்று இன்னும் வரவில்லை. பயன்படுத்தினால் ஒரு கவனம்: அது மறுபடியும் இன்புட் ஈவென்டைக் கிளப்பும். “இப்போது நான்தான் எழுதுகிறேன்” என்று ஒரு கொடி வைக்காவிட்டால் ஸ்கிரிப்ட் தன்னையே அழைத்துக்கொண்டு சுற்றும். மதிப்பை நேரடியாக எழுதும்போது இதற்கு நேர்மாறு: எந்த ஈவென்டும் வராது, அந்தப் பெட்டியைக் கவனிக்கும் மற்ற ஸ்கிரிப்டுகளுக்குச் சேதி போகாது.

பெட்டியின் வகையும் காலை வாரும். டெக்ஸ்ட், சர்ச், யுஆர்எல், டெல், பாஸ்வேர்டு வகைகளில் மட்டுமே கர்சர் இடத்தைப் படிக்கவும் வைக்கவும் முடியும். மின்னஞ்சல் வகையிலும் எண் வகையிலும் படித்தால் வெறுமை வரும், வைக்கப்போனால் பிழை எறியப்படும். எண் வகையில் கூடுதலாக ஒரு தொல்லை: உள்ளே இருப்பது செல்லாத எண்ணாக இருந்தால் மதிப்பு வெற்றாக வரும், ஆள் என்ன தட்டினார் என்றே ஸ்கிரிப்டுக்குத் தெரியாது. தட்டும்போது மாற்ற நினைத்தால் டெக்ஸ்ட் வகை, இன்புட்மோட் நியூமெரிக். வேறு யோசனை வேண்டாம்.

பெட்டியின் அதிகபட்ச நீளத்தைக் குறிக்கும் மேக்ஸ்லெங்த் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அட்டை எண் 16 இலக்கம் என்று 16 போட்டு வைத்தால், இடைவெளிகளோடு காப்பி செய்த எண்ணைப் பேஸ்ட் செய்யும்போது கடைசி மூன்று இலக்கங்கள் வெட்டுப்படும். பிரவுசர் முதலில் வெட்டும், நம் ஸ்கிரிப்ட் பிறகுதான் இடைவெளியை நீக்கும். இடைவெளி சேர்த்து 19 வேண்டும். இன்னும் நல்லது, அதை எடுத்துவிட்டு நீளத்தை நாமே சரிபார்ப்பது. எல்லா அட்டைக்கும் 16 என்பதும் சரியல்ல, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் எண் 15 இலக்கம், பிரிவதும் 4, 6, 5 என்று.

பிஃபோர்இன்புட்: விழுவதற்கு முன்

இதற்கெல்லாம் விடை போலத் தோன்றுவது பிஃபோர்இன்புட். எழுத்து பெட்டிக்குள் விழுவதற்கு ஒரு நொடி முன்பு வரும். என்ன வரப்போகிறது, எப்படி வருகிறது (தட்டியதா, பேஸ்ட்டா, நீக்கமா, அண்டூவா) என்று சொல்லும். வேண்டாமென்றால் நிறுத்தலாம். குரோமிலும் சஃபாரியிலும் 2017-லேயே வந்துவிட்டது, ஃபயர்ஃபாக்ஸில் 2021-இல் 87-ஆம் பதிப்போடு. இன்று எங்கும் கிடைக்கிறது.

எடுத்துக்காட்டாக, பயனர் பெயரில் இடைவெளி வந்தால் சிறுகோடாக்க வேண்டும். பிஃபோர்இன்புட்டில் இடைவெளியைக் கண்டதும் நிறுத்தி, செட்ரேஞ்ச்டெக்ஸ்ட் மூலம் அதே இடத்தில் சிறுகோட்டைச் செருகலாம். முழு மதிப்பையும் திரும்ப எழுதாததால் கர்சர் துள்ளாது. இடைவெளி ஒரு கணம் தோன்றி மறையும் மினுக்கலும் இல்லை. கணினியில் பார்த்தால் இதைவிட நேர்த்தியான வழி இல்லை.

போனில்தான் மறுபடி சிக்கல். ஆண்ட்ராய்டில் பல கீபோர்டுகள் ஆங்கிலச் சொல்லைத் தட்டும்போதுகூட அதை “இன்னும் முடியாத சொல்” என்றே நடத்தும்; சொல்லுக்குக் கீழே ஒரு கோடு தெரியுமே, அந்த நிலை. கம்போசிஷன் என்று பெயர். அந்த நேரத்தில் வரும் பிஃபோர்இன்புட்டை நிறுத்த முடியாது. நிறுத்தச் சொன்னாலும் பிரவுசர் கேட்காது. பிரவுசர் தானே நிரப்பும் விவரங்களுக்கும் இந்த ஈவென்ட் கட்டாயம் வரும் என்று நம்பியிருக்க முடியாது. ஆகவே பிஃபோர்இன்புட்டை மட்டும் வைத்துக் கட்டினால் ஓட்டை இருக்கும். ஓட்டையை அடைக்க இன்புட் கையாளியையும் எழுத வேண்டும். அதை எப்படியும் எழுதப்போகிறோம் என்றால், பெரும்பாலான படிவங்களுக்கு இன்புட் ஒன்றே போதும். இரண்டையும் சேர்த்துப் பராமரிக்கும் அளவுக்கு அந்த மினுக்கல் தொந்தரவா என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு இல்லை.

இன்னொன்று. நிறுத்துவது சுலபம் என்பதால் “இலக்கம் தவிர எதையும் உள்ளே விடாதே” என்று கட்ட ஆசை வரும். ஆள் ஓர் எழுத்தைத் தட்டுகிறார், திரையில் ஒன்றும் நடக்கவில்லை. கீபோர்டு கெட்டுவிட்டது என்றுதான் நினைப்பார். அந்த எழுத்தை உள்ளே விட்டு, பக்கத்தில் “இங்கே இலக்கங்கள் மட்டும்” என்று சொல்வது நல்லது. திரை வாசிப்பான் பயன்படுத்துபவருக்கு இது இன்னும் முக்கியம். வாசிப்பான் தட்டிய விசையைச் சொல்லும், பெட்டியில் இருப்பதோ வேறாக இருக்கும். மாற்றம் நடக்கும் பெட்டிக்கு விளக்கக் குறிப்பு ஒன்றை முன்கூட்டியே இணைத்துவிட வேண்டும்.

தமிழில் தட்டும்போது

கம்போசிஷன் என்றவுடன் சீனமும் ஜப்பானியமும்தான் பேசப்படும். நமக்கும் அதே கதைதான். ஒலிப்படி தட்டும் கீபோர்டில் ஒரு மெய் விழுந்து, அடுத்த உயிர் வந்ததும் அது உயிர்மெய்யாகிறது. தமிழ்99-இல் க என்ற விசையை இரண்டு முறை தட்டினால் முதல் க தானே புள்ளி வாங்கி க்க என்றாகிறது. அதாவது பெட்டியில் ஏற்கெனவே விழுந்த எழுத்தைக் கீபோர்டு திரும்பப் போய்த் திருத்துகிறது. இதன் நடுவே நம் ஸ்கிரிப்ட் புகுந்து மதிப்பை எழுதினால் கீபோர்டின் கணக்கும் பெட்டியின் கணக்கும் பிரிந்துவிடும். எழுத்து இரட்டிப்பாகும், அல்லது காணாமல் போகும்.

எனவே இன்புட் ஈவென்டில், கம்போசிஷன் நடக்கிறதா என்று சொல்லும் இஸ்கம்போசிங் உண்மையாக இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். ஆனால் குரோமில் கடைசி இன்புட்டுக்குப் பிறகுதான், சொல் முடிந்ததைச் சொல்லும் கம்போசிஷன்எண்ட் வருகிறது, அதன்பின் இன்னொரு இன்புட் வருவதில்லை. ஆக அதே சீர்செய்யும் வேலையைக் கம்போசிஷன்எண்டிலும் இணைக்காவிட்டால் கடைசிச் சொல் திருத்தப்படாமல் நின்றுவிடும். வியூ என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பில் பெட்டியின் மதிப்பை இணைக்கும் வி-மாடல், கம்போசிஷன் நடக்கும்போது வேண்டுமென்றே புதுப்பிக்காமல் காத்திருப்பதும் இதே காரணத்தால்தான்.

நீளக் கணக்கும் வேறு. “யூனிகோடு” கண்ணுக்கு நான்கு எழுத்து, மேக்ஸ்லெங்த்துக்கு எட்டு. கர்சரை எண்ணி வைக்கும்போதும் இதே வித்தியாசம் வரும். கொம்புக்கும் மெய்க்கும் நடுவில் கர்சரைச் செருகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். “கொ” என்பதை க-வும் ொ-வும் சேர்த்து இரண்டு குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக வைத்து மூன்றாகவும் எழுதலாம். பார்க்க ஒன்றுதான், ஒப்பிட்டால் வேறு. யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகும். இதைத் தட்டும்போது செய்ய எந்த அவசியமும் இல்லை, சேஞ்சிலோ சர்வரிலோ செய்தால் போதும்.

ஔவை என்பதைப் பலர் ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டுவார்கள். இது என்எஃப்சியால் தீராது, ஏனெனில் ள உண்மையான வேறு எழுத்து. “சரி, ஒள வந்தால் உடனே ஔ ஆக்கிவிடலாம்” என்று நேரடி மாற்றம் வைத்தால் ஒளி என்று தட்டப்போனவர் ஔி என்ற விநோதத்தைப் பார்ப்பார். ஒள என்ற இடத்தில் நிற்கும்போது அடுத்து என்ன வரும் என்று ஸ்கிரிப்டுக்குத் தெரிய வழியே இல்லை. சொல் முடிந்தபின் பார்த்தால் தெரியும். அகராதி வைத்துத் திருத்துவது, ஆங்கில எழுத்தில் தட்டியதைத் தமிழாக்குவது போன்ற எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

தமிழாக்கும் வசதியைப் பக்கத்திலேயே வைக்க நினைப்பவர்களுக்கு: கணினியில் வந்தவருக்கு அது உதவும், பிஃபோர்இன்புட்டும் செட்ரேஞ்ச்டெக்ஸ்ட்டும் அதற்குப் பொருத்தமான கருவிகள். ஆனால் நிறுத்தும் பொத்தான் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். போனில் அதை இயக்கவே வேண்டாம், அவர் கையில் ஏற்கெனவே தமிழ்க் கீபோர்டு இருக்கும்.

போன் நமக்கு முன்பே எழுத்தை மாற்றிக்கொண்டிருப்பதும் நினைவிருக்கட்டும். ஐஃபோனில் ஐஓஎஸ் 11 முதல் நேர் மேற்கோள்குறி தானாக வளைந்ததாகிறது, இரட்டைச் சிறுகோடு நீள்கோடாகிறது. நாம் வளைந்ததை உடனே நேராக்க, போன் வேறு எண்ணத்தில் இருக்க, நடுவில் ஆள் மாட்டிக்கொள்வார். அனுப்பும்போது நேராக்கினால் யாருக்கும் சண்டை இல்லை.

ரியாக்ட், லைப்ரரிகள், அடுத்தவர் பக்கம்

ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் ஆன்சேஞ்ச் என்று எழுதுவது உண்மையில் இன்புட் ஈவென்ட்தான், சேஞ்ச் அல்ல. தட்டிய மதிப்பை அப்படியே ஸ்டேட்டில் (ரியாக்ட் தன் நினைவில் வைத்திருக்கும் மதிப்பு) வைத்தால் கர்சர் இருந்த இடத்திலேயே இருக்கும். மாற்றி வைத்தால் கடைசிக்குப் போகும். கர்சரைத் திரும்ப வைக்கும் வேலையை, திரை வரையப்படும் முன் ஓடும் யூஸ்லேஅவுட்எஃபெக்ட்டில் செய்தால் துள்ளல் கண்ணுக்குத் தெரியாது.

ஐமாஸ்க், மாஸ்கா, இன்புட்மாஸ்க் போன்ற லைப்ரரிகள் கர்சர் கணக்கை ஏற்கெனவே தீர்த்துவைத்திருக்கின்றன. அட்டை எண் போன்ற நிலையான வடிவத்துக்கு அவற்றில் ஒன்றை எடுப்பது நியாயமே. ஒரே ஒரு பெட்டியைச் சின்ன எழுத்தாக்க லைப்ரரி ஏற்றுவது அதிகம்.

நீங்கள் கட்டாத பக்கத்தில், பிரவுசர் நீட்சியாகவோ யூசர் ஸ்கிரிப்டாகவோ சுருக்கெழுத்தை விரிவாக்க நினைத்தால் கணக்கு வேறு. மதிப்பை நேரடியாக எழுதினால் திரையில் மாறும், ஆனால் ரியாக்ட் பக்கம் அதை ஏற்காது; ஸ்டேட்டில் பழையதே இருக்கும், அனுப்பும்போதும் பழையதே போகும். அங்கே எக்ஸிக்கமாண்ட் வழிதான் குறைந்த தொல்லை. ஆள் தட்டியதாகவே பக்கம் எடுத்துக்கொள்ளும்.

எந்தப் பெட்டிக்கு எது

பயனர் பெயருக்குச் சேஞ்சில் சின்ன எழுத்தாக்குவதும் சர்வரில் மறுபடி செய்வதும் போதும். கீழே “உங்கள் முகவரி இப்படி அமையும்” என்று மாறிய வடிவத்தைத் தட்டத் தட்டக் காட்டினால் இன்னும் நல்லது. பெட்டியைத் தொடாமலே நேரடி மாற்றத்தின் பயன் முழுவதும் கிடைக்கிறது, கர்சரும் அண்டூவும் அப்படியே இருக்கின்றன. இந்த உத்தியை ஏன் இவ்வளவு அரிதாகப் பார்க்கிறோம் என்று புரியவில்லை. சின்ன எழுத்தாக்கும்போது மட்டும் மொழி சார்ந்த ஓர் எச்சரிக்கை: துருக்கிய மொழியில் பெரிய I எழுத்து புள்ளியில்லாத சின்ன ı ஆகும். பெரிய எழுத்தாக்கினால் ஜெர்மன் எஸ்செட் என்ற ஓரெழுத்து ஈரெழுத்தாகும், நீளமே மாறிவிடும்.

சலுகைக் குறியீட்டுக்கு சிஎஸ்எஸ்ஸும் சர்வரும்.

அட்டை எண்ணுக்கு இன்புட், கர்சர் கணக்கோடு, அல்லது நம்பகமான லைப்ரரி. அனுப்பும்போது இடைவெளி இல்லாத எண் போக வேண்டுமென்றால் ஃபார்ம்டேட்டா ஈவென்டில் அனுப்பப்படும் மதிப்பை மட்டும் மாற்றலாம், பெட்டியில் தெரிவது மாறாது. கட்டி முடித்ததும் கடைசியில் தட்டி மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள். நடுவில் செருகுங்கள், டிலீட் தட்டுங்கள், இடைவெளிகளோடு பேஸ்ட் செய்யுங்கள், கன்ட்ரோல் இசட் போடுங்கள், ஆண்ட்ராய்டிலும் ஐஃபோனிலும் ஒரு தடவை.

தொகைக்கு நேரடிக் காற்புள்ளி எனக்குப் பிடிக்காது. பல நாடுகளில் காற்புள்ளிதான் தசமப் புள்ளி. 12,50 என்று தட்டியவரின் காற்புள்ளியை “அலங்காரம்” என்று நீக்கினால் பன்னிரண்டரை என்பது ஆயிரத்து இருநூற்று ஐம்பதாகும். தட்டியதை விட்டுவையுங்கள்; பெட்டிக்குக் கீழே, புரிந்துகொண்ட தொகையை எழுத்தாலோ பிரித்த இலக்கங்களாலோ காட்டுங்கள். தப்பாகப் புரிந்திருந்தால் அனுப்பும் முன் ஆளே பார்த்துவிடுவார்.

ஆட்பெயர்ப் பெட்டியில் முதலெழுத்தைப் பெரிதாக்குவது, இரட்டை இடைவெளியைச் சுருக்குவது எதுவும் வேண்டாம். தன் பெயரை எப்படி எழுதுவது என்று அவருக்குத் தெரியும். முன்பின் இடைவெளியைச் சர்வரில் வெட்டினால் போதும்.

கடவுச்சொல் பெட்டியில் அதுவும் கூடாது. புள்ளிகளாக மட்டுமே தெரியும் இடத்தில் எது மாறியது என்று யாராலும் பார்க்க முடியாது. கணக்குத் தொடங்கும் பக்கத்தில் இடைவெளியை வெட்டிவிட்டு, நுழையும் பக்கத்தில் வெட்டாமல் விட்டால், சரியான கடவுச்சொல்லோடு வருபவர் வெளியே நிற்பார்.